பழகுபவனுக்குப் படியளந்தவர் யார்?



சென்ற வாரம் இதே நேரத்தில் எங்கள் அளவெட்டியின் இசை மரபு பற்றிச் சில செய்திகள் சொல்லியிருந்தேன். தவில்மேதை தட்சணாமூர்த்தி வாழ்ந்த ஊர், நாதசுர வித்துவான் என். கே. பத்மநாதனின் ஊர் என்ற பெருமையில் சற்று அதிகமாகவே பேசிவிட்டேன் போலும். அதைக் கேட்ட நண்பர் ஒருவர் என்னை வழியில் மறித்து, "உங்கடை ஊரிலை அடிச்ச அடியெல்லாம் தவிலிலைதானோ?" என்றார். பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரைக்கும் என்னோடு வந்தது. எங்கள் ஊரில் இன்னோர் அடியும் கேட்டது. அது கோயில் வீதியில் கேட்கவில்லை. தோட்டங்களுக்கு நடுவே நின்ற ஓர் ஓலைக் கொட்டிலில் கேட்டது. சுத்தியலும் சம்மட்டியும் மாறி மாறி இரும்பில் விழுந்த அடி அது. இன்று அதைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

கொல்லர் வேலை செய்யும் இடத்தை எங்கள் பக்கத்தில் கம்மாலை என்போம். நான் சிறுவனாக இருந்த அறுபதுகளில், பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் போய் நிற்கும் இடம் அது. நான்கு குற்றிகளின்மேல் நின்ற கொட்டில். ஒரு மூலையில் உலை, அதன் பின்னால் தோல் துருத்தி. நடுவில், நிலத்தில் ஆழப் புதைத்த மரக்குற்றியின்மேல் பட்டடைக்கல். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. தட்டியிலே வரிசையாகக் குறடுகள். மண்வெட்டி, அலவாங்கு, கோடரி, கலப்பைக் கொழு, பெண்கள் ஓலை வாரும் சத்தகம், சீவல் தொழிலாளியின் பாளைக்கத்தி எல்லாம் அங்கிருந்துதான் புறப்பட்டன. செம்மண் தோட்டமும் கிணற்று இறைப்பும் பனையும் சேர்ந்த ஒரு வாழ்க்கைக்கு வேண்டிய இரும்பு முழுவதும் அந்தக் கொட்டிலில் உருவாகியது.

வண்டிற் சில்லுக்கு இரும்பு வளையம் ஏற்றும் நாள் எங்களுக்கு ஒரு திருவிழா. நாலரை அடி விட்டமுள்ள சில்லென்றால் அதன் சுற்றளவு ஏறக்குறைய 14 அடி. வளையத்தைச் சில்லைவிடச் சற்றே சிறிதாகத்தான் ஆசாரியார் செய்திருப்பார். வட்டமாக நெருப்பு மூட்டி அதைக் காய்ச்சுவார்கள். 500 பாகை அளவுக்குச் சூடேறும்போது அந்த 14 அடி இரும்பு ஓர் அங்குலம்வரை நீண்டுவிடும். நான்கு பேர் குறட்டால் பிடித்துச் சில்லின்மேல் இறக்கியதும் மரம் புகையும். உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி, மரத்தின் பொருத்துகளையெல்லாம் இறுக்கிக்கொண்டு உட்காரும். ஆணி இல்லை, பசை இல்லை. வெப்பத்தால் உலோகம் விரியும் என்ற பாடத்தை நான் விஞ்ஞானப் புத்தகத்தில் வாசித்தது அதற்குப் பல ஆண்டுகளின் பின்னர்.

அந்தக் கொட்டிலில் பேச்சு மிகக் குறைவு. ஆசாரியாரின் கையில் சிறு சுத்தியல், எதிரே நிற்பவரின் கையில் சம்மட்டி. சுத்தியல் எந்த இடத்தில் தட்டுகிறதோ அந்த இடத்திலேதான் சம்மட்டி விழவேண்டும். மெதுவாகத் தட்டினால் மெதுவாக, ஓங்கித் தட்டினால் ஓங்கி. சுத்தியல் இரும்பை விட்டுப் பட்டடைக்கல்லில் தனியே தட்டினால் "போதும், நிறுத்து" என்று பொருள். தவிலுக்குச் சொற்கட்டு இருப்பதுபோல இதற்கும் ஒரு மொழி இருந்தது. அதை எழுதி வைத்தவர் எவருமில்லை. எதிரே நின்று அடித்துப் பழகியவனுக்கே அது விளங்கும்.

இவ்வளவுக்கும் எங்கள் குடாநாட்டு மண்ணில் இரும்புத் தாது கிடையாது. அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். ஆகவே இங்கே கொல்லன் கையாண்ட இரும்பு என்றைக்கும் வெளியிலிருந்து வந்த இரும்புதான். ஆனால் அந்தக் கைத்திறன் மிகப் பழையது. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்த கந்தரோடை எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தெடுத்த ஈமப் புதைகுழியும் இரும்பைப் பயன்படுத்திய பெருங்கற்காலப் பண்பாட்டு மக்களுடையதே. தெற்கே சமனலவாவிப் பக்கத்து மலைச்சரிவுகளில், 7ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடையில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு உருக்கு எடுத்திருக்கிறார்கள். கில் யூலெப் என்ற ஆய்வாளர் அத்தகைய உலையை மீண்டும் கட்டி, காற்றால் மட்டுமே இயக்கிக் காட்டி, அந்த முடிவை 1996இல் வெளியிட்டபோது உலகமே வியந்தது.

சங்கப் புலவர்களுக்கும் கம்மாலை நன்கு தெரிந்த இடம். குறுந்தொகையில் ஒரு தலைவி தன் நெஞ்சு படும் வருத்தத்துக்கு உவமை தேடுகிறாள். ஏழு ஊர்களின் வேலைக்கெல்லாம் ஓர் ஊரில் மட்டும் இருக்கும் உலையின் துருத்தி அவள் நினைவுக்கு வருகிறது. ஓய்வின்றி மிதிபடும் துருத்தி. இலக்கியம் படிப்பவர்கள் இங்கே காதலின் வேதனையைப் பார்ப்பார்கள். நான் அதில் ஒரு பொருளாதாரச் செய்தியையும் பார்க்கிறேன். ஏழு ஊருக்கு ஒரே உலை. அப்படியானால் இரும்பு வேலை தெரிந்தவர்கள் அன்றும் சிலரே. ஏன் சிலர்? தேவை குறைவு என்பதாலா? ஏழு ஊரின் வேலை குவிந்து கிடந்ததே! காரணம் வேறு. இந்தத் தொழிலைப் பழக நெடுங்காலம் பிடிக்கும். அந்தக் காலம் முழுவதும் பழகுபவனுக்கு யாராவது சோறு போட வேண்டும்.

நேயர்களே, இன்று நான் சொல்ல வந்தது இந்தச் சோற்றைப் பற்றித்தான்.

முதல் ஓரிரு ஆண்டு துருத்தி. நெருப்பின் சீற்றத்தைக் காதால் அறியப் பழகும் காலம் அது. பிறகு சம்மட்டி. அதன் பிறகே குறடு. கடைசியில்தான் தோய்ச்சல், அதாவது காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் தோய்த்துப் பதமேற்றும் வேலை. பழகுகிறவன் முதல் ஆண்டுகளில் உதவியைவிட நட்டத்தையே அதிகம் தருவான். கரியை வீணாக்குவான், இரும்பைக் கருக்குவான், கத்தியைக் கோணலாக்குவான். அவனுக்கும் பசிக்கும், அவன் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது? ஒரு தொழில் வாழ்வதும் சாவதும், அதற்குள் யார் நுழையலாம் யார் நுழையக்கூடாது என்பதும், பெரும்பாலும் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையில்தான் தங்கியிருக்கிறது.

எங்கள் பழைய விடை, பிறப்பு. கலாயோகி ஆனந்த குமாரசாமி 1909இல் எழுதிய 'இந்தியக் கைவினைஞன்' என்ற நூலில், கைவினைஞனின் மகன் தகப்பனின் பட்டறையிலேயே வளர்ந்து, உண்மையான வேலையைச் செய்தே தொழிலைக் கற்பதை மிகுந்த மதிப்போடு விவரிக்கிறார். அவர் வெறும் கலை விமர்சகர் அல்லர். இலங்கையின் கனிப்பொருள் அளவைத் துறைக்குத் தலைமை வகித்த புவியியலாளர். இந்நாட்டுக் கிராமத்து இரும்புருக்கு வேலையை நேரில் கண்டவர். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. தகப்பனே ஆசான், வீடே விடுதி, அம்மாவின் பானையே உதவிப்பணம். இதைவிடச் செலவு குறைந்த பயிற்சி முறை உலகில் இல்லை.

ஆனால் அதே கொட்டிலின் வெளியே நின்று பார்த்தவன் நான். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். துருத்தி ஊத ஆசாரியார் விடுவார். ஒருநாள் ஆசையோடு சம்மட்டியைத் தூக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து, "தம்பி, இது உங்கடை வேலை இல்லை. வீட்டிலை என்னைத்தான் பேசுவினம்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. அவர் சொன்னது சரியும்கூட. எங்கள் வீட்டில் பேசியிருப்பார்கள். தோட்டக்காரன் பிள்ளை கொல்லன் வேலை பழகுவதா என்று ஊரும் கேட்டிருக்கும். பிறப்பு சோறு போடும் இடத்தில், பிறப்பே வாசற்கதவுமாகிவிடுகிறது. அந்தக் கதவு இரண்டு பக்கமும் பூட்டியது. நான் உள்ளே போக முடியவில்லை. ஆசாரியாரின் மகன் வெளியே போகவும் எளிதில் முடியவில்லை. ஏகலைவன் கதையில் கட்டைவிரல் கேட்கப்பட்டதை மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன்பே அவனுக்குப் பாடம் மறுக்கப்பட்டதை மறந்துவிடுகிறோம்.

சீமையிலே வேறுவிதமான விடை கண்டார்கள். 1563இல் வந்த தொழிலாளர் சட்டம் ஏழாண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. அந்த விதி 1814இல்தான் நீக்கப்பட்டது. பையனின் பெற்றோர் ஆசானுக்கு ஒரு தொகையை முன்பணமாகக் கட்டிவிடுவார்கள். பதிலுக்கு ஆசான் உணவும் இடமும் கொடுத்துத் தொழில் பழக்குவான். பையனின் உழைப்பு ஏழாண்டுக்கு ஆசானுக்குச் சொந்தம். சார்ள்ஸ் டிக்கன்சின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலைப் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். பிப் என்ற அநாதைப் பையனை அவனுடைய அக்காவின் கணவர், கொல்லரான ஜோ கார்ஜரியிடமே தொழில் பழக எழுதிவைக்கிறார்கள். அதற்குப் பணக்கார மூதாட்டி ஹவிஷாம் 25 கினி கொடுக்கிறாள். பின்னர் பிப்புக்கு வேறு வாழ்வு வாய்க்கிறது. சட்டத்தரணி ஒருவர் வந்து, பயிலும் பையனை இழப்பதற்கு நட்டஈடு வேண்டுமா என்று ஜோவிடம் கேட்கிறார். ஜோ கொதித்துப் போகிறார். பிள்ளைக்கு விலை பேசுவதா என்பது அவருடைய கோபம். ஒரு பையனின் உழைப்புக்குச் சட்டம் விலை வைத்திருந்தது. நல்ல ஆசான் அந்த விலையை வாங்க மறுத்தான். டிக்கன்ஸ் இந்த இரண்டையும் ஒரே காட்சியில் வைத்துவிட்டார்.

முன்பணம் கட்ட முடியாதவர்கள் பாடு என்ன? மைக்கேல் பரடேயின் தகப்பன் ஒரு கொல்லர், நோயாளி, ஏழை. 1805இல் பரடே புத்தகம் கட்டுபவர் ஒருவரிடம் ஏழாண்டுக்குப் பயிலுநராகச் சேர்ந்தபோது, அவனுடைய நேர்மையான சேவையைக் கருதி முன்பணம் வாங்கப்படவில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். அந்த ஆசானின் ஈரநெஞ்சம் இல்லாவிட்டால், கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானியான அந்தப் பையன் எங்கே போயிருப்பான்? ஆக, எங்கள் முறை பிறப்பைக் கேட்டது, அவர்கள் முறை பணத்தைக் கேட்டது. இரண்டிலும் வெளியே நின்றவர்கள் பலர்.

இங்கே யாழ்ப்பாணத்தின் இன்னொரு வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1816இல் எங்கள் அயலூரான தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷனரிமார் வந்திறங்கினார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. அங்கே தங்கிப் படித்த ஏழைப் பையன்களின் சோற்றுக்கும் துணிக்கும் பணம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் இருந்த நன்கொடையாளர்களிடமிருந்து. பணம் கொடுத்தவரின் பெயரைப் பையனுக்கு வைப்பதும் வழக்கமாயிருந்தது. கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று நம் இலக்கிய வரலாற்றில் வரும் இரட்டைப் பெயர்கள் அந்த வழக்கத்தின் அடையாளங்கள். முகமே காணாத ஒருவர் கடல் கடந்து படியளந்தார். இங்கே ஒரு கல்விமான் உருவானார். சி. வை. தாமோதரம்பிள்ளை படித்த இடமும் அதுதான். அவர் பதிப்பித்த ஏடுகளின் பயனை இன்றுவரை அனுபவிக்கிறோம்.

எழுத்துப் படிப்புக்கு இப்படிப் படியளக்க ஆள் கிடைத்தது. பிறகு பெற்றோரே நகை ஈடுவைத்துப் பிள்ளையைப் படிப்பித்தார்கள். படித்தவன் கொழும்புக்கும் மலாயாவுக்கும் கிளார்க்காகப் போய்க் காசு அனுப்பினான். இரும்புப் படிப்புக்கு அப்படி எவரும் படியளக்கவில்லை. அது பிறப்பால் வரும் வேலை, அதற்கு எதற்குச் செலவு என்று இருந்துவிட்டோம். 1905இல் காங்கேசன்துறைவரை புகையிரதப் பாதை வந்தபோதும், 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியபோதும், இரும்பு எங்கள் வாசலுக்கே வந்து நின்றது. அப்போதும் எங்கள் மனம் மாறவில்லை. தொழிற்சாலையில் வேலை கிடைப்பது நல்லது, ஆனால் மேசையில் கிடைத்தால் இன்னும் நல்லது என்பதே ஊர்ப்பேச்சு.

மாற்றம் 1971இல் வந்தது. தெற்கில் இளைஞர் கிளர்ச்சி நடந்த ஆண்டு அது. வேலையற்ற இளைஞரின் கோபம் நாட்டையே உலுக்கியிருந்தது. அதே ஆண்டில் 49ஆம் இலக்கத் தேசிய பயிலுநர் சட்டம் நிறைவேறியது. தேசிய பயிலுநர் சபை உருவானது. தொழில் நிறுவனங்களுக்குள் இளைஞர்களைப் பயிலுநராகச் சேர்த்து, பயிலும் காலத்தில் மாதந்தோறும் உதவிப்பணமும் கொடுக்கும் ஏற்பாடு அது. பிறப்பைக் கேட்கவில்லை. முன்பணம் கேட்கவில்லை. பதிலாக, பழகுகிறவனுக்கே காசு கொடுத்தது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுந்த காலமும் அதுவே. மேற்படிப்பின் கதவு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒடுங்கிக்கொண்டிருந்தபோது, இந்தக் கதவு சற்றுத் திறந்தது.

அந்தக் கதவால் நுழைந்தவர்களில் நானும் ஒருவன். 1973இல் தெற்கே ஒரு பெரிய வேலைத்தளத்தில் உலோக வேலைப் பயிலுநராகச் சேர்ந்தேன். முதல் சில மாதம் அரம் பிடிப்பதுதான் பாடம். ஓர் இரும்புக் கட்டியைக் கொடுத்து, ஆறு பக்கமும் சதுரமாக அராவச் சொல்வார்கள். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார்கள். நடுவே வெளிச்சம் தெரிந்தால் மறுபடி அராவவேண்டும். உள்ளங்கை கொப்பளித்து, உடைந்து, காய்த்தது. அதன் பின்னர்தான் உலை. மாதக் கடைசியில் கையெழுத்திட்டு உதவிப்பணம் வாங்குவேன். சிறிய தொகைதான். ஆனால் வீட்டுக்கு நான் பாரமில்லை என்பது பெரிய செய்தி. அப்பா முதலில் முகம் சுளித்தார். மூன்றாம் மாதம் நான் அனுப்பிய பத்து ரூபா மணியோடரைத் தபாற்காரனிடம் கையெழுத்திட்டு வாங்கியபின் அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. சாதிப் பேச்சையெல்லாம்விட அந்தச் சிறு கடதாசிக்குப் பலம் அதிகமாயிருந்தது.

பயிற்சியின் இறுதியில் ஓர் உளி செய்து காட்டவேண்டும். உளியைச் செந்நிறம் வரக் காய்ச்சி, நுனியை மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுத்து, சட்டென்று உரைத்து மினுக்கினால், பின்பக்கத்தில் மிஞ்சியுள்ள சூடு மெல்ல நுனியை நோக்கி வரும். வரும்போது இரும்பின் முகத்தில் நிறங்கள் ஓடும். 230 பாகை அளவில் வைக்கோல் மஞ்சள், பிறகு கபிலம், ஊதா, 300 பாகை அளவில் நீலம். எந்த நிறம் நுனியைத் தொடும்போது மறுபடி தோய்க்கிறோமோ அதுவே அந்த ஆயுதத்தின் குணம். முந்தினால் நொறுங்கும், பிந்தினால் மழுங்கும். சில விநாடிகளின் விளையாட்டு. வேலைத்தளத்தில் வெப்பமானியும் இருந்தது, சுவரில் மணிக்கூடும் இருந்தது.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அந்த உளியைச் சரையில் சுற்றிக்கொண்டு நேரே கம்மாலைக்குப் போனேன். ஆசாரியார் வாங்கி, முதலில் அதைப் பட்டடைக்கல்லில் தட்டிக் காதால் கேட்டார். அரத்தை ஒருதரம் ஓட்டினார். பழைய இரும்பொன்றில் வைத்து ஓங்கி அடித்தார். நுனி அப்படியே நின்றது.

"பதம் நல்லாயிருக்கு" என்றார். பிறகு, "நிறத்தைப் பார்த்தோ தோய்ச்சனீங்கள், மணிக்கூட்டைப் பார்த்தோ?" என்று கேட்டார்.

"ரெண்டையும்தான்" என்றேன்.

சிரித்தார். கொஞ்சநேரம் உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாதம் மாதம் காசும் தந்தோ பழக்கினவங்கள்?" என்றார். ஓம் என்றேன். அவர் உலையைப் பார்த்தபடியே, "என்ரை பெடியனுக்கும் ஆரும் அப்பிடிக் குடுத்திருந்தால் அவன் இதை விட்டிட்டுப் போயிருக்கமாட்டான்" என்றார்.

அவருடைய மகன் அதற்கு முந்திய ஆண்டுதான் லொறியொன்றில் உதவியாளாகப் போயிருந்தான். நாட்கூலி. கம்மாலையில் அவனுக்குச் சோறு இருந்தது. கையில் காசு இல்லை. இருபது வயதுப் பிள்ளைக்குச் சோறு மட்டும் போதாது. கவனியுங்கள், அப்போது கம்மாலையில் வேலை இல்லாமலில்லை. 1970க்குப் பின் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் எங்கள் தோட்டக்காரர் தலைநிமிர்ந்த காலம் அது. மண்வெட்டிக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். வேலை நிறைய இருந்த காலத்திலேயே பிள்ளை போய்விட்டான் என்பதுதான் முக்கியம். 1977க்குப் பின் திறந்த பொருளாதாரத்தில் வெளிநாட்டு மண்வெட்டி வந்து கம்மாலையைக் கொன்றது என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. இறக்குமதி வந்து சேர்ந்தபோது அங்கே சம்மட்டி தூக்கும் இளங்கை ஏற்கெனவே இல்லை.

மீதிக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. சீமெந்துத் தொழிற்சாலை நின்றது, புகையிரதம் நின்றது. வடக்குக்குக் கொண்டுவரக்கூடாத பொருள்களின் பட்டியலில் இரும்பும் இருந்தது. அப்போதுதான் ஊருக்கு ஆசாரியாரின் அருமை தெரிந்தது. லொறியின் பழைய வில்லுத் தகடு கத்தியாயிற்று. உடைந்த அலவாங்கு உளியாயிற்று. கைவிடப்பட்ட தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. எழுபது வயதைத் தாண்டிய கிழவர் தனியே உலை மூட்டினார். துருத்திக்குப் பேரப்பிள்ளைகள் கைகொடுத்தார்கள், சம்மட்டிக்கு ஆளில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, குறடுகளையும் சுத்தியலையும் சாக்கில் கட்டி எடுத்தார். பட்டடைக்கல்லைத் தூக்க முடியாது. கிணற்றடியில் குழி வெட்டி அதை மூடிவிட்டு நடந்தார். அவர் திரும்பி வரவில்லை. பின்னர் வீட்டார் வந்து பார்த்தபோது கொட்டில் இல்லை, கல் இருந்தது. இன்று அது ஓர் ஒட்டுவேலைக் கடையில் இருக்கிறது. அதன்மேல் கேற்றுக்கம்பி வளைக்கிறார்கள்.

இன்றைய இளைஞருக்குக் கைவேலையில் நாட்டமில்லை என்ற குறையை அடிக்கடி கேட்கிறேன். நான் நம்புவதில்லை. சுன்னாகத்துக்கும் மருதனார்மடத்துக்கும் போகும் வழியில் எத்தனை ஒட்டுவேலைக் கடைகள்! அங்கே கண்ணாடி மாட்டிக்கொண்டு பொறி பறக்க நிற்பவர்கள் எங்கள் பெடியன்கள்தான். யார் வீட்டுப் பிள்ளை என்று அங்கே எவரும் கேட்பதில்லை. ஏன் அங்கே போகிறார்கள்? உதவியாளாகச் சேரும் நாளிலிருந்தே மாலையில் கையில் ஏதோ கிடைக்கிறது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பழைய பயிலுநர் சபையின் இடத்தில் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை வந்தது. 2016இல் கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டது. கதவுகள் இருக்கின்றன. பிள்ளைகள் நுழையத் தயாராகவும் இருக்கிறார்கள்.

நுழைய வழியில்லாமல் போனது அந்தப் பழைய உலைக்குள் மட்டும்தான். பாளைக்கத்தியின் பதம், சில்லுக்கு வளையம் ஏற்றும் கணக்கு, நிறம் பார்த்துத் தோய்க்கும் கண் எல்லாம் ஒட்டுவேலையில் வராது. குடாநாட்டில் இன்னும் அங்கொன்றும் இங்கொன்றுமாக உலை மூட்டும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விருதும் பொன்னாடையும் கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் பொன்னாடை சம்மட்டி தூக்காது. அவர்களிடம் ஒரு பையன் இரண்டு ஆண்டு நின்று பழக, அந்தப் பையனுக்கு மாதம் ஒரு தொகையும், பழக்குகிறவருக்கு ஒரு தொகையும் வேண்டும். இவ்வளவுதான் தேவை.

யார் கொடுப்பது என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்க் கோயில்களின் திருப்பணிக்குக் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பணம் வருகிறது. அப்படிக் கொடுக்கிற கைகளை நான் குறை சொல்லவில்லை. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் யாரோ ஒருவர், தாம் ஒருபோதும் காணப்போகாத ஒரு யாழ்ப்பாணத்துப் பையனின் சோற்றுக்குப் பணம் கொடுத்தார். அவர் அந்நியர், வேற்று மதத்தவர், எங்கள் மொழியில் ஒரு சொல்லும் அறியாதவர். ரொறன்ரோவில் இருக்கும் அளவெட்டியார் ஒருவர், தம் சொந்த ஊரில் ஒரு பையன் இரும்பு பழகுவதற்குப் படியளக்கக்கூடாதா?

என்னுடைய உளி இன்னும் என் மேசையில் இருக்கிறது. கடதாசி பறக்காமல் பாரமாக வைத்திருக்கிறேன். அதன் நுனி மழுங்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது என் கெட்டித்தனம் அல்ல. மாதக் கடைசியில் கையெழுத்திட்டு வாங்கிய அந்தச் சிறு தொகையும், அது கிடைக்காமல் லொறியேறிப் போன இன்னொரு பையனும்தான்.